கெட்டிப் பனியில் இரண்டு கோடுகள்: க்ரான்ஸ்கா கோரா நாட்குறிப்பு

சனி, போட்கோரன்

மியூனிக்கிலிருந்து விடியும் முன்பே கிளம்பிவிட்டோம். ஆஸ்திரியாவின் தாவர்ன் மலைகளைத் தாண்டி ஃபில்லாக் வரை நெடுஞ்சாலை. அங்கிருந்து பலரும் காரவாங்கன் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து ஸ்லோவேனியா போவார்கள். எங்களுக்கு வுர்சன் கணவாய்தான் நேர்வழி. கணவாயின் உயரம் 1,073 மீட்டர்தான், ஆனால் ஆஸ்திரியப் பக்கம் 18 சதவீத ஏற்றம். ஸ்லோவேனியாவில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். அது ஏன் என்று இந்த ஏற்றத்திலேயே புரிந்துவிடும். மறுபுறம் இறங்கியதும் போட்கோரன், அதற்கு அடுத்து க்ரான்ஸ்கா கோரா. ஒரு வாரம் ஸ்கீ சறுக்க நாங்கள் வந்த ஊர்கள் இவை.

கூட வந்திருப்பவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. காலில் நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் ஸ்கீயை ஜெர்மனிக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டவன். நன்றாகவே இறங்குவான், பயமும் கிடையாது. ஆனால் அவன் ஸ்கீ போட்ட தடத்தைத் திரும்பிப் பார்த்தால், துடைப்பத்தால் பெருக்கிய மாதிரி இருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்கீயின் வால் பக்கவாட்டில் வழுக்கும். பெரும்பாலோர் அப்படித்தான் இறங்குகிறார்கள், அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் கெட்டியான பனியில், விளிம்பு மட்டும் பதிந்து, வழுக்கலே இல்லாமல் வில்லாக வளைந்து போவது வேறு அனுபவம். அதைத்தான் கார்விங் என்கிறார்கள். அதை அவனுக்குக் காட்ட வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

"அத்தான், பெரிய பெரிய மலையெல்லாம் இருக்கும்போது இந்தச் சின்ன ஊருக்கு ஏன்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். காரணம் இரண்டு. போட்கோரன் சரிவில் 1960களிலிருந்து விட்ராண்ட்ஸ் கோப்பைப் போட்டி நடக்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் ஊர் ஊராக நடக்கும் பந்தயத் தொடரான ஸ்கீ உலகக்கோப்பையின் வீரர்கள் இறங்கும் சரிவு இது. அடுத்து, இங்கிருந்து காரில் முக்கால் மணி நேரத்துக்குள் பெகுன்யே என்ற கிராமம். இன்று உலகம் முழுக்க நாம் மாட்டிக்கொள்ளும் ஸ்கீயின் வடிவம் மாறியது அங்கேதான்.

மாலையில் கடையில் ஸ்கீ தேர்ந்தெடுத்தோம். மச்சினனிடம் சொந்தமாக இருப்பது நடு அகலம் 88 மில்லிமீட்டர் உள்ள, எல்லா வகைப் பனிக்கும் ஆகும் ரகம். அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, 165 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்லாலம் (நெருக்கமாக நட்ட கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் போட்டி) வகை கார்விங் ஸ்கீ ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதன் மேல் எழுதியிருந்த எண்கள்: 122–68–106, அப்புறம் R 12.5. முதல் மூன்றும் முன்பகுதி, நடு, பின்பகுதி ஆகியவற்றின் அகலம், மில்லிமீட்டரில். கடைசி எண் வளைவின் ஆரம், மீட்டரில்.

அறைக்கு வந்ததும், "அந்த R எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டான். ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, நீளமான ஓரத்தை உள்பக்கம் லேசாக வளைத்து வெட்டினேன். வெட்டிய ஓரம் கீழே இருக்கும்படி மேசைமேல் சாய்த்துப் பிடித்து நடுவில் அழுத்தினால், இடைவெளி மறையும்வரை கார்டு வளைகிறது. மேசையைத் தொடும் ஓரம் இப்போது ஒரு வில். ஸ்கீயும் இதையேதான் செய்கிறது. நடு ஒடுங்கியிருப்பதால், சாய்த்து எடை ஏற்றினால் தானாக வளைகிறது, வளைந்த பாதையிலேயே ஓடுகிறது. நாம் காலைத் திருகித் திருப்ப வேண்டியதில்லை. கார்டைக் கையில் வாங்கி வெகுநேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு, க்ரான்ஸ்கா கோரா

விடுமுறைக் கூட்டம். ஊரை ஒட்டிய சாதுவான நீலச் சரிவுகளிலேயே நாள் முழுவதையும் கழித்தோம். குழந்தைகளும் பயிற்சி வகுப்புகளும் நிறைந்த இடத்தில் வேகத்துக்கு வேலையில்லை.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் செய்தோம். சரிவுக்குக் குறுக்காக நின்று, இரண்டு ஸ்கீயையும் இடுப்பகலம் பிரித்து வைத்து, கணுக்காலை மட்டும் மேட்டுப் பக்கம் உருட்டி, அப்படியே ஓட விடுவது. திருகக் கூடாது, தள்ளவும் கூடாது. ஸ்கீ தானாக மேட்டை நோக்கி வளைந்து நின்றுவிடும். நின்றதும் திரும்பிப் பார்த்தால் பென்சிலால் இழுத்தது போல இரண்டு மெல்லிய கோடுகள் இருக்க வேண்டும். கோடு பட்டையாக இருந்தால் எங்கோ வழுக்கியிருக்கிறது. பனி எழுதிக் காட்டுவதை விட நேர்மையான ஆசிரியர் கிடையாது.

கார்விங் பழகுகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது பின்னால் வருபவரை. சாதாரணமாகச் சறுக்குகிறவர் ஒரு குறுகிய பட்டைக்குள் இறங்குவார். கார்விங் போடுகிறவர் சரிவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போவார், சில சமயம் மேட்டை நோக்கியே திரும்புவார். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் விதிப்படி கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. ஆனால் புறப்படும் முன்பும், மேல்நோக்கித் திரும்பும் முன்பும் மேலே பார்ப்பது நம் கடமை, அதுவும் அதே விதிகளில் இருக்கிறது. அதனால்தான் கார்விங்கோடு சேர்த்து, ஸ்கீயைக் குறுக்கே திருப்பிச் சட்டென்று நிறுத்துவதையும் அவனைப் பலமுறை செய்ய வைத்தேன். விளிம்பில் மட்டும் ஓடத் தெரிந்து நிறுத்தத் தெரியாதவரை நெரிசலான சரிவில் விடக் கூடாது.

மாலையில் ஸெலென்ட்ஸி வரை நடந்தோம். சாவா டோலிங்கா ஆறு பிறக்கும் ஊற்று அது. ஆண்டு முழுக்க ஐந்தாறு டிகிரியிலேயே இருப்பதால் இந்தக் குளிரிலும் உறையவில்லை. பச்சை நீருக்கடியில் மணல் கொதிப்பது போல எழும்பிக்கொண்டிருந்தது.

திங்கள், போட்கோரன் சரிவு

இதற்காகத்தான் வந்தோம்.

காலையில் மைனஸ் 9. லிஃப்ட் திறக்கும் நேரத்துக்கே போய் நின்றோம். இரவெல்லாம் இயந்திரங்கள் உழுது சமன்படுத்திய பனியில் மெல்லிய வரிகள் சீராக ஓடின. பார்க்க மிருதுவாகத் தெரியும், கைத்தடியால் குத்தினால் 'டொக்' என்று சத்தம் கேட்கும். இயந்திரத்தின் சுழலும் பற்கள் பனியை உடைத்து நொறுக்கிப் பரப்புகின்றன. நொறுங்கிய மணிகள் பிறகு குளிரில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. அதற்கு நேரம் வேண்டும். அதனால்தான் மாலையிலேயே சமன்படுத்திய சரிவு, விடியற்காலையில் உழுததை விடக் கெட்டியாக இருக்கும். போதாததற்கு இங்கே அடியில் கிடப்பது பெரும்பாலும் பனிப் பீரங்கி எனும் இயந்திரத்தால் தெளித்த செயற்கைப் பனி. வானத்திலிருந்து விழும் புதுப் பனி கன மீட்டருக்கு 100 கிலோ அளவில் இருக்கும். இது 400 முதல் 500 கிலோ வரை கனக்கும்.

இந்தக் கெட்டிப் பனியைப் பார்த்துப் பலர் 'ஐஸ்' என்று முகம் சுளிக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மென்பனி விளிம்பின் அழுத்தத்தைத் தாங்காது, உடைந்து விலகிவிடும். சாய்ந்த உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் வலு இறுகிய பனிக்குத்தான் உண்டு. கூரான விளிம்பும், முறுக்கிக்கொள்ளாத ஸ்கீயும் இருந்தால், ஊன்றி நிற்க இதை விட நம்பகமான தளம் வேறில்லை.

முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதுதான் நல்ல கார்விங் ஸ்கீயின் உயிர். நீளவாக்கில் அது வளைய வேண்டும், ஆனால் துணி பிழிவது போலத் திருகக் கூடாது. திருகினால் முனையில் விளிம்பு தளர்ந்து பனியை விட்டுவிடும். அதற்காகத்தான் மர உள்ளீட்டுக்கு மேலும் கீழும் டைட்டனல் என்ற அலுமினியக் கலவைத் தகடுகளை வைத்து ஒட்டுகிறார்கள். அந்தத் தகடு அதிர்வையும் அடக்குகிறது. வேகத்தில் ஸ்கீ படபடக்காமல் பனியோடு ஒட்டி ஓடுவது அதனால்தான். விலை ஏறுவதும் அதனால்தான்.

நடு ஒடுங்கியிருப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 68 மில்லிமீட்டர் என்றால் விளிம்பு கிட்டத்தட்டப் பாதத்துக்கு நேர் கீழே வருகிறது. கணுக்காலைச் சற்று உருட்டினாலே பிடித்துவிடும், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு உடனே மாறும். 88 மில்லிமீட்டர் ஸ்கீயில் விளிம்பு பாதத்தை விட்டு வெளியே தள்ளி நிற்கிறது. அதைக் கெட்டிப் பனியில் சாய்த்துப் பிடிக்கக் கணுக்காலும் முழங்காலும் சேர்ந்து போராட வேண்டியிருக்கும்.

முதல் இறக்கத்தில் மச்சினன் அவசரப்பட்டான். சாய்த்த உடனே திரும்பவில்லையே என்று காலால் தள்ளினான், வால் வழுக்கியது. "பொறு, அது திரும்பும்" என்றேன். திருப்பத்தின் முதல் பகுதியில் எதுவும் நடக்காதது போல ஒரு கணம் இருக்கும். அந்தக் கணத்தைத் தாங்கினால் போதும், வெளிப்பக்க ஸ்கீ எடையை வாங்கி வளையத் தொடங்கும். அகலமான, மிதமான பகுதியைத் தேடிப் போனோம். அங்கே ஒரு நீளமான இடது திருப்பம் அவனுக்கு அமைந்தது. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவன் ஸ்கீக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்த அந்தப் பரபரவென்ற சத்தம் நின்றுவிட்டது. திருப்பம் முடிந்து நின்றவன், "அத்தான், யாரோ பிடித்து இழுத்துக்கொண்டு போனது போல இருந்தது!" என்றான். அப்புறம் இருவரும் பின்னால் திரும்பி அந்தக் கோட்டைப் பார்த்தோம். இரண்டு கோடுகள், நடுவில் கைபடாத வரிகள்.

சாய்வு கூடக் கூட வளைவு இறுகும். 12.5 மீட்டர் ஆரம் என்பது ஸ்கீ ஏறக்குறையத் தட்டையாக இருக்கும்போது. 30 டிகிரி சாய்த்தால் 11 மீட்டருக்குக் கீழே வரும், 45 டிகிரியில் 9 மீட்டருக்கும் குறைவு, 60 டிகிரியில் பாதியாகிவிடும். 45 டிகிரிச் சாய்வில் காலுக்கு வரும் பாரம் உடல் எடையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. மூன்று மணி நேரத்தில் தொடை கெஞ்சுவது அதனால்தான்.

மதியத்துக்குள் உலகக்கோப்பைச் சரிவின் செங்குத்தான பகுதியை ஓரமாக நின்று பார்த்தோம். 2023 ஜனவரி 8 அன்று அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் இங்கே ஜயண்ட் ஸ்லாலம் (கம்பங்கள் இன்னும் தள்ளித் தள்ளி இருக்கும், வேகமான போட்டி) வென்று, 82 உலகக்கோப்பை வெற்றிகளோடு லிண்ட்ஸி வானின் பெண்கள் சாதனையைச் சமன் செய்தார். ஸ்லோவேனியாவின் மரிபோரில் நடக்க வேண்டிய போட்டி அது. அங்கே பனி போதாமல் இங்கே கொண்டுவந்தார்கள். இந்த ஊரே 810 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கும் ஒவ்வொரு குளிர்காலத்தையும் வானத்தைப் பார்த்தபடியே தொடங்குகிறது. அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

செவ்வாய், போட்கோரன்

நேற்று மாலையே மச்சினனின் ஸ்கீயில் விளிம்பு மழுங்கிக்கொண்டு வந்தது தெரிந்தது. இன்று நிழலான ஒரு பகுதியில் ஸ்கீ பிடியை விட்டு நழுவியது. "எனக்குத்தான் வரவில்லை போல" என்றான். வந்தது, ஸ்கீக்குத்தான் கூர் இல்லை. விரல் நகத்தை விளிம்பின் குறுக்கே இழுத்துப் பார்க்கச் சொன்னேன். கூரான விளிம்பு நகத்தை மெல்லச் சீவி வெள்ளைத் தூளாக்கும். இது நகத்தின் மேல் வழுக்கியது. வாடகை ஸ்கீயில் இது சகஜம். ஆயிரம் யூரோ ஸ்கீயும் விளிம்பு மழுங்கினால் கெட்டிப் பனியில் வெறும் பலகைதான். தீட்டிய பழைய ஸ்கீ அதைத் தோற்கடித்துவிடும். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

சாயங்காலம் அறைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் உட்கார்ந்து நானே தீட்டினேன். ஸ்கீயின் அடிப்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் இடையே எஃகு விளிம்பு கிட்டத்தட்டச் செங்கோணத்தில் இருக்கும். பக்கவாட்டில் அதை 88 டிகிரியாகச் சரிப்பது பொதுவான வழக்கம், பந்தயக்காரர்கள் 87-க்கோ அதற்கும் கீழேயோ போவார்கள். அடிப்பக்கம் அரை டிகிரி அல்லது ஒரு டிகிரி மட்டும் தூக்கியிருக்கும். அது கூடினால் ஸ்கீ பிடிக்க நேரமாகும், இல்லவே இல்லை என்றால் நேராக ஓடும்போதே அங்கங்கே மாட்டும். முதலில் கோணத் தாங்கியில் அரத்தை மாட்டி ஒரே திசையில் நீளமாக இழுக்க வேண்டும். பிறகு வைரக்கல்லால் பிசிறு போக நீவ வேண்டும். கல்லில் பட்டு விளிம்பு காயம்பட்ட இடங்களில் எஃகு இறுகியிருக்கும், அங்கே முதலில் வைரக்கல், அப்புறம்தான் அரம். மச்சினன் ஒரு ஸ்கீயை அவனே செய்தான். மெழுகை இஸ்திரியில் உருக்கி அடிப்பக்கம் தடவி, ஆறியதும் சுரண்டி, தூரிகையால் தேய்த்தோம். அந்த மெழுகு வாசனை எனக்குப் பிடித்தமானது.

புதன், பெகுன்யே

இரவில் பனி கொட்டியிருந்தது. முழங்கால் வரை புதுப் பனி. பஞ்சுப் பனியில் இறங்குகிறவர்களுக்குத் திருவிழா, எங்கள் ஒடுங்கிய ஸ்கீக்கு அல்ல. அது மூழ்கிப்போகும், முனை எழும்பாது. ஸ்கீக்களை அறையில் விட்டுவிட்டு பெகுன்யே போனோம்.

காரவாங்கன் அடிவாரத்தில் ஒரு சிறிய கிராமம். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் சிறையாக வைத்திருந்த மாளிகை ஒன்று இங்கே இருக்கிறது, பலரின் உயிர் போன இடம். அதே போர்க்காலத்தில் மலைகளுக்குள் பதுங்கிப் போராடிய பார்ட்டிசான்களுக்கு ஸ்கீ செய்து கொடுத்தவர் ரூடி ஃபின்ஷ்கார். போர் முடிந்த 1945-இல் அவர் இங்கே தொடங்கிய கூட்டுறவுதான் எலான். இன்றும் தொழிற்சாலை இதே ஊரில் ஓடுகிறது. அருகே ஸ்கீ அருங்காட்சியகம்.

எலான் பெயரை உலகறியச் செய்தவர் ஸ்வீடனின் இங்கமார் ஸ்டென்மார்க். எலான் ஸ்கீயில் உலகக்கோப்பையில் 86 வெற்றிகள்: ஜயண்ட் ஸ்லாலத்தில் 46, ஸ்லாலத்தில் 40. 1980 லேக் ப்ளாசிட் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம். அந்த 86 என்ற எண்ணை 2023 மார்ச்சில்தான் ஷிஃப்ரின் தாண்டினார். ஸ்டென்மார்க் காலத்து ஸ்கீ இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், கிட்டத்தட்ட நேர்கோடு. அதை வளைக்கப் பந்தய வேகமும் இரும்புக் காலும் வேண்டும். சுத்தமான கார்விங் திருப்பம் அன்று சில பேருக்கு மட்டுமே வாய்த்தது. மற்றவர்கள் வாழ்நாள் முழுக்க வழுக்கியே இறங்கினார்கள்.

அதை மாற்றியவர்கள் இதே நிறுவனத்தில் வேலை செய்த இரண்டு பொறியாளர்கள்: யூரி ஃப்ராங்கோ, பாவெல் ஷ்கோஃபிட்ஸ். ஸ்கீயின் இடுப்பை இன்னும் ஆழமாக ஒடுக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, செய்து பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்த எஸ்சிஎக்ஸ் ஸ்கீ 1993-இல் வெளிவந்தது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஆஸ்திரியாவில் க்னைஸ்ல் நிறுவனமும் எர்கோ என்ற ஸ்கீயில் இந்தத் திசையில் போனது. சில ஆண்டுகளில் நேரான ஸ்கீ கடைகளிலிருந்தே காணாமல் போய்விட்டது. (1984 சராயேவோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற யூரே ஃப்ராங்கோ வேறு ஆள். யுகோஸ்லாவியாவுக்குக் கிடைத்த முதல் குளிர்கால ஒலிம்பிக் பதக்கம் அது. 'புரெக்கை விட யூரெக்கைத்தான் எங்களுக்குப் பிடிக்கும்' என்று அன்று சராயேவோவே சொன்னது; புரெக் அந்த ஊர்க்காரர்களின் பிரியமான இறைச்சிப் பலகாரம்.)

கணக்கு எளியதுதான். ஸ்கீயின் நடு எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்பது ஆழம். பனியைத் தொடும் நீளத்தின் வர்க்கத்தை ஆழத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் ஆரம். நம் 122–68–106 ஸ்கீயில் ஆழம் 23 மில்லிமீட்டர், தொடும் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். விடை 12 மீட்டரைச் சுற்றி வருகிறது. பழைய நெடிய ஸ்கீயில் அந்த ஆழம் 7, 8 மில்லிமீட்டர்தான், ஆரம் 50 மீட்டரைத் தாண்டிவிடும். மச்சினன் செல்பேசியில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசமா இவ்வளவு செய்தது!" என்றான். ஆமாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலைக்கு வரும் தபால்காரருக்கும் ஆசிரியைக்கும் ஸ்டென்மார்க் அனுபவித்த அந்தத் திருப்பம் கிடைத்தது இந்த ஒன்றரை சென்டிமீட்டரால்தான். விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றில் இவ்வளவு தாராளமான கண்டுபிடிப்பு அதிகமில்லை என்று நினைக்கிறேன்.

எலானின் இன்றைய ஆம்ஃபிபியோ ரக ஸ்கீக்களில் இடது, வலது என்று குறித்திருப்பார்கள். உள்விளிம்பு முழு நீளத்துக்கும் பனியைப் பிடிக்கும்; வெளிவிளிம்பில் முனைகள் சற்றே தூக்கியிருக்கும், திருப்பத்துக்குள் நுழைவது எளிது. ஓட்டிப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது.

மதியம் சாப்பிட்ட அய்தோவி ஷ்கான்ட்ஸி, பக்வீட் என்ற தானிய மாவில் கிண்டியது, நம் கேழ்வரகுக் களி மாதிரியேதான். புளித்த பாலோடு தந்தார்கள். மச்சினன் இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கினான்.

வியாழன், லுஸ்ஸாரி, இத்தாலி

எல்லை தாண்டினால் இத்தாலியின் தார்விசியோ. காரில் கொஞ்ச நேரம்தான். அங்கே லுஸ்ஸாரி மலை, 1,790 மீட்டர், உச்சியில் ஒரு மாதா கோயிலும் சின்னக் கிராமமும். ஸ்லோவேனியர், ஜெர்மானியர், இத்தாலியர் மூவரும் யாத்திரை வரும் இடம். 2023 ஜீரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயத்தில் இந்த ஏற்றத்தில்தான் ப்ரிமோஷ் ரோக்லிச், நடுவழியில் சங்கிலி கழன்றும், முதலிடத்தைப் பிடித்தார். அவர் இளவயதில் ஸ்கீ தாண்டல் வீரர் என்பதால் ஸ்லோவேனியர்களுக்கு அது இரட்டைச் சந்தோஷம்.

இத்தாலியில் ஸ்கீ சரிவுகளில் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு 2022 முதல் கட்டாயம். ஹெல்மெட் 2025 நவம்பர் முதல் எல்லா வயதினருக்கும் கட்டாயமாகிவிட்டது. நல்ல காரியம்.

கோண்டோலா எனும் கேபிள் காரில் ஏறி, உச்சியிலிருந்து கம்போரோஸ்ஸோ வரை காட்டுக்குள் இறங்கும் டி ப்ராம்பெரோ சரிவில் வந்தோம். பெண்கள் உலகக்கோப்பை நடந்த சரிவு. நேற்றைய பனியை இரவே உழுது இறுக்கியிருந்தார்கள். இன்று எனக்கு 18 மீட்டர் ஆரமுள்ள நீண்ட ஸ்கீ, அவனுக்கு அதே 12.5.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே துலக்கமாகத் தெரிந்தது. 45 டிகிரி சாய்ந்து சமநிலையில் இருக்க எவ்வளவு வேகம் தேவை என்று, சரிவின் செங்குத்தை விட்டுவிட்டுத் தோராயமாகப் போட்டால், 12.5 மீட்டர் ஸ்கீக்கு மணிக்கு 33 கிலோமீட்டர் போதும். 18 மீட்டருக்கு 40. போட்டிக்கான ஜயண்ட் ஸ்லாலம் ஸ்கீயின் குறைந்தபட்ச ஆரம் இன்று 30 மீட்டர், அதற்கு 52. ஆண்களுக்கு 2012-13 பருவத்திலிருந்து சில ஆண்டுகள் இதை 35 மீட்டராக வைத்து, வீரர்கள் கடுமையாக எதிர்த்த பிறகு 30-க்குக் கொண்டுவந்தார்கள். நீண்ட ஸ்கீ அமைதியானது, அகலமான வெற்றுச் சரிவில் ராஜநடை போடும். ஆனால் அது கேட்கும் வேகமும் இடமும் பொதுச் சரிவில் எப்போதும் கிடைக்காது. நண்பகலில் கூட்டம் சேர்ந்ததும் நான் விளிம்பைத் தளர்த்திச் சாதாரணமாக இறங்கினேன். மச்சினன் தன் குட்டை ஸ்கீயில் ஓரத்து ஒடுங்கிய பட்டையிலேயே சின்னச் சின்ன வில்லாகப் போட்டுக்கொண்டு வந்தான்.

காடு முடிந்து சரிவு விரியும் இடத்தில் வலமும் இடமுமாகத் தொடர்ந்து கோடு பிசகாமல் இறங்கினான். கீழே வந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "அத்தான், மறுபடியும் மேலே போகலாம் வா" என்றான். போனோம், கோண்டோலா மூடும்வரை.

வெள்ளி, போட்கோரன்

காலையில் மட்டும் நேரம் இருந்தது. இரவு நன்றாக உறைந்து, சரிவு இந்த வாரத்திலேயே மிகக் கெட்டியாக இருந்தது. செவ்வாயன்று நழுவிய அதே நிழற்பகுதியில் இன்று தீட்டிய விளிம்பு பிடித்து நின்றது. அதைச் சோதிப்பதற்காகவே மச்சினன் அங்கே திரும்பத் திரும்பப் போனான்.

மதியம் கடையில் ஸ்கீயைத் திருப்பிக் கொடுக்கும்போது, இதே மாதிரி ஒன்று வாங்கலாமா என்று கேட்டான். முதலில் பூட் வாங்கு என்றேன். வாடகை பூட் குதிகாலைப் பிடிக்காது. கணுக்கால் உருள்வது ஸ்கீயைச் சென்று சேர்வதற்குள் பாதி தொலைந்துவிடும். பாதத்தை அளந்து, அதற்கேற்ப பூட்டை வார்த்துத் தருகிற கடையில் உட்கார்ந்து நிதானமாக வாங்க வேண்டும். அடுத்தது கோணத் தாங்கி, அரம், வைரக்கல். ஸ்கீ மூன்றாவது. அதிலும் நேரே பந்தய ஸ்கீக்குப் போக வேண்டாம். ஆரம் 13 முதல் 15 மீட்டருக்குள், நடு 70-ஐ ஒட்டி, உள்ளே டைட்டனல் உள்ள போன பருவத்து மாடல் ஒன்றை மார்ச் மாதத் தள்ளுபடியில் எடுத்தால் பல ஆண்டுகளுக்குப் போதும். முழு விலை கொடுக்க வேண்டியதில்லை.

"அப்போ பழைய 88?" என்றான். அதையும் வைத்துக்கொள், புதன்கிழமை மாதிரி பனி கொட்டும் நாளுக்கு அதுதான் சரி என்றேன். ஈரத்தைத் துடைக்காமல் விளிம்பை உறையில் போடாதே, ஓர் இரவிலேயே துரு பிடிக்கும் என்றும் சொன்னேன். என் ஸ்கீயின் விளிம்புகளை அவனே துணியால் துடைத்துக் காரில் ஏற்றினான். மியூனிக்கில் காலடிக்கு அளவெடுத்து பூட் செய்து தருகிற ஒருவரை எனக்குத் தெரியும். திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம்.